உறங்காத மூக்கு



ஆனி பிறந்து தென்மேற்குக் காற்று பொதிகையைத் தொட்டுவிட்டால், குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிடும். அந்நாட்களில் தென்காசிச் சாலையில் நின்று பார்ப்பவர்களுக்கு வண்டிகளே ஒரு வேடிக்கை. வேன்கள், பேருந்துகள், கூரையில் அண்டா குண்டாக்களைக் கட்டிக்கொண்டு வரும் யாத்திரை வண்டிகள் என்று வகை வகையாக வரும். அண்மைக் காலத்தில் இவற்றோடு வேறோர் இனமும் சேர்ந்துள்ளது. அது கேரவன் என்னும் ஓடும் வீடு. திரைப்பட நடிகர்கள் படப்பிடிப்பின்போது ஓய்வு கொள்ளும் வண்டியாகத்தான் நம்மில் பலர் இதனை அறிவோம். மேல்நாடுகளில் குடும்பத்தோடு ஊர் சுற்றுவோர், இத்தகைய வீட்டைத் தம் காரின் பின்னே கட்டி இழுத்துச் செல்வர். நமக்கு மேற்கே உள்ள கேரள அரசு 2021-ஆம் ஆண்டில் இதற்கெனவே ஒரு சுற்றுலாத் திட்டத்தை அறிவித்தது.

இவ்வீட்டின் உள்ளே படுக்கை உண்டு, அடுப்பு உண்டு, சமையல் வாயு உருளை உண்டு, குளிரூட்டும் கருவி உண்டு, இருக்கைக்கு அடியில் பெரிய பாட்டரி ஒன்றோ இரண்டோ உண்டு. வீட்டில் உள்ளவை எல்லாம் இங்கும் உள்ளன. காற்று மட்டும் குறைவு. பதினைந்து அடி நீளமும் ஏழடி அகலமும் ஆறரை அடி உயரமும் கொண்ட வண்டியில் அடங்கும் காற்று 700 கன அடிக்கும் குறைவே. அதிலும் இரவில் குளிருக்கோ கொசுவுக்கோ அஞ்சிச் சன்னல்களை அடைத்துவிட்டுப் படுக்கிறோம். அவ்வளவு சிறிய இடத்தில் எரியும் பொருளையும் எரிக்கும் நெருப்பையும் உறங்கும் மனிதரையும் ஒருங்கே வைத்திருக்கிறோம் என்பதை எண்ணிப் பாருங்கள்.

இது வீண் அச்சமன்று. 2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு 26-ஆம் நாள், விடியற்காலை ஐந்தேகால் மணியளவில், மதுரை இரயில் நிலையத்தை அடுத்துத் தனியே நிறுத்தப்பட்டிருந்த ஒரு சுற்றுலாப் பெட்டி தீப்பற்றி எரிந்தது. இலக்னோவிலிருந்து தென்னாட்டுத் தலங்களைக் காண வந்த யாத்திரிகர்கள் அதில் இருந்தனர். விதிக்கு மாறாக உள்ளே கொண்டுவரப்பட்டிருந்த வாயு உருளையைக் கொண்டு தேநீர் வைக்க முற்பட்டபோது தீ மூண்டது. ஒன்பது பேர் மாண்டனர். அப்பெட்டி நாகர்கோவிலில் ஒரு வண்டியோடு இணைக்கப்பட்டு, அதே இரவில் நம் திருநெல்வேலி வழியாகத்தான் மதுரைக்குச் சென்றது.

மறு நிகழ்ச்சி தீயே இல்லாதது. 2024-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், கேரளத்தில் கோழிக்கோட்டை அடுத்த வடகரையில், சாலையோரமாக நின்ற ஒரு கேரவனுள் இருவர் இறந்து கிடந்தனர். வண்டியில் எரிந்த தடயம் இல்லை. குளிரூட்டும் கருவியை இயக்க ஓடிய ஜெனரேட்டரின் புகையிலிருந்த கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு, உறங்கும் இடத்திற்குள் புகுந்ததே காரணம் என்பது பின்னர் நிபுணர்கள் நடத்திய ஆய்வில் தெரிந்தது.

ஆக, ஓடும் வீட்டிற்குப் பகைகள் மூன்று: புகை, கசிந்த சமையல் வாயு, கார்பன் மோனாக்சைடு. மூன்றின் இயல்பும் வேறு வேறு.

புகை சூடானது. ஆதலால் மேலே எழுந்து கூரையில் பரவும். சமையல் வாயுவோ காற்றினும் கனத்தது. அதிலுள்ள புரொப்பேன் காற்றைப் போல ஒன்றரை மடங்கு கனமுடையது. பியூட்டேன் இரு மடங்கு கனமுடையது. பாபநாசத்தில் திறந்துவிட்ட நீர் பள்ளம் நோக்கி ஓடி வயலில் தேங்குவது போல, கசிந்த வாயு வண்டியின் தரையிலே தேங்கும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு அது கலந்தாலே போதும், ஒரு தீப்பொறியில் வெடிக்கும். நாம் மேலே சொன்ன வண்டிக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். உள்ளே உள்ள காற்று முழுவதையும் வெடிக்கும் கலவையாக்க ஒரு கிலோவுக்கும் குறைந்த வாயு போதுமானது. வீட்டுக்கு வரும் உருளையிலோ 14.2 கிலோ இருக்கிறது! தரையிலே தேங்கிய பகுதி வெடிக்க அந்த ஒரு கிலோவும் வேண்டுவதில்லை.

மூன்றாம் பகையே மிகவும் வஞ்சகமானது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. அதன் எடை ஏறத்தாழக் காற்றின் எடையே ஆதலால், மேலே கீழே என்றில்லாமல் எங்கும் கலந்துவிடும். நம் இரத்தத்தின் சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபின் ஆக்ஸிஜனைச் சுமந்து செல்வதைப் பாடத்தில் படித்திருப்பீர்கள். இந்நச்சு வாயு ஆக்ஸிஜனைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேலான பிடிப்போடு ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்கிறது. முதலில் தலைவலியும் கிறுகிறுப்பும் குமட்டலும் தோன்றும். மாஞ்சோலைக்கு மலைப்பாதையில் ஏறிச் சென்ற அன்று இரவில் இவை தோன்றினால், வளைவுகளில் ஏறி வந்த மயக்கம் என்று எண்ணி ஒரு எலுமிச்சம்பழத்தை மோந்துவிட்டுப் படுத்துவிடுவோம். அப்படிப் படுப்பதில்தான் ஆபத்து இருக்கிறது.

"நமக்கு மூக்கு இல்லையா?" என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது. சமையல் வாயுவுக்கு இயற்கையில் மணம் மிகக் குறைவாதலின், கசிவு தெரியட்டும் என்று மெர்காப்டன் என்னும் நாற்றப் பொருளைக் கலந்துதான் உருளையில் அடைக்கிறார்கள். ஆனால் நம் மூக்குக்குக் குறைகள் இரண்டு உண்டு. ஒரே நாற்றத்தைத் தொடர்ந்து முகர்ந்தால் சிறிது நேரத்தில் அதனை உணராது போய்விடும். நாம் உறங்கும்போது அதுவும் உறங்கிவிடும்.

உறங்காத மூக்கு ஒன்றை மனிதன் முதலில் ஒரு பறவையிடம் கண்டான். ஹால்டேன் என்னும் பிரிட்டிஷ் அறிஞர், நிலக்கரிச் சுரங்கங்களில் நச்சு வாயுவை அறியச் சிறு பிராணிகளைக் கொண்டு செல்லலாம் என்று சென்ற நூற்றாண்டுக்கும் முன்பே சொன்னார். அவ்வாறே கானரி என்னும் மஞ்சட் குருவியைக் கூண்டோடு சுரங்கத்திற்குள் எடுத்துச் சென்றனர். அதன் உடல் சிறியது, மூச்சு விரைவானது. மனிதன் மயங்குமுன் அது மயங்கிக் கிளையினின்று விழும். அதைக் கண்டு தொழிலாளர்கள் வெளியேறுவர். பிரிட்டனில் 1986 வரையில் இக்குருவிகள் பணியில் இருந்தன.

இன்றைய கருவிகள் அக்குருவியின் வழித்தோன்றல்கள் எனலாம். 1930-களில் வால்ட்டர் யேகர் என்னும் சுவிஸ் அறிஞர் நச்சு வாயுவைக் காணும் கருவி ஒன்றை ஆக்க முயன்றார். அது வாயுவைக் காணவில்லை. சலிப்போடு அவர் ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தபோது கருவியின் முள் அசைந்ததாம்! அயனிகளால் ஆன சிறு மின்னோட்டத்தைப் புகைத்துகள்கள் தடுத்திருந்தன. புகை உணர்கருவியில் ஒரு வகை அவ்வாறு பிறந்தது. வேறொரு வகை, ஒளிக்கற்றையைப் புகை சிதறச் செய்வதைக் கொண்டு புகையை அறியும். சமையல் வாயுவை உணரும் கருவிக்கு ஜப்பானியரான தாகுச்சி 1962-ஆம் ஆண்டில் வழி கண்டார். சூடாக்கப்பட்ட வெள்ளீய ஆக்ஸைடின் மீது எரிவாயு பட்டால் அதன் மின்தடை குறையும்; அக்குறைவே மணியை அடிக்கச் செய்யும். கார்பன் மோனாக்சைடுக் கருவியிலோ பெரும்பாலும் ஒரு சிறு வேதிக்கலம் இருக்கும். வாயு அதனுள் புகுந்தால் மின்னோட்டம் பிறக்கும்.

வாயுவின் இயல்பு தெரிந்தால் கருவியை எங்கே வைப்பது என்பது தானே விளங்கும். புகைக் கருவி கூரையில், அடுப்புக்கு நேர்மேலாக இல்லாமல் சற்று விலகி இருக்க வேண்டும். சமையல் வாயுக் கருவி தரையிலிருந்து ஒரு சாண் இரு சாண் உயரத்தில், அடுப்பின் பக்கமாக இருக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடுக் கருவி, படுக்கையில் கிடப்பவர் மூச்சுவிடும் மட்டத்தில் இருப்பது நன்று. சமையல் வாயுக் கருவியை அழகுக்காகக் கூரையில் பொருத்திய வண்டிகளையும் நான் பார்த்திருக்கிறேன்.

கருவியை வாங்கிப் பொருத்துவது எளிது. காப்பதே கடினம். குருவிக்கு இரை வைக்க மறந்தால் அது கூண்டில் செத்துக் கிடக்கும். எவர் கண்ணுக்கும் தெரியும். கருவி செத்தால் எவருக்கும் தெரியாது. விழித்திருக்கும் காவற்காரனும் பேசாமல் இருக்கிறான். இறந்துபோன காவற்காரனும் பேசாமல் இருக்கிறான். இரண்டு மௌனத்தையும் நம் காது வேறுபடுத்தி அறியாது. கருவியே இல்லாதவன் ஒரு சன்னலையேனும் திறந்து வைத்துப் படுப்பான். செத்த கருவியை நம்பியவன் எல்லாவற்றையும் அடைத்துவிட்டு நிம்மதியாகப் படுத்துவிடுவான்.

சில ஆண்டுகளுக்கு முன் நண்பர் ஒருவரின் குடும்பத்தாரோடு, படுக்கை வசதியுள்ள ஒரு வாடகை வண்டியில் திருச்செந்தூருக்குச் சென்றிருந்தேன். இரவில் வண்டியை ஓரிடத்தில் நிறுத்திப் படுத்தோம். கூரையிலிருந்து நிமிடத்திற்கு ஒரு முறை 'கீச்' என்று ஓர் ஒலி வந்துகொண்டிருந்தது. ஓட்டுநர், "அண்ணாச்சி, இது நேத்துல இருந்தே இப்படித்தான் கத்துது" என்று சொல்லி, ஸ்டூலில் ஏறி உள்ளிருந்த மின்கலத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். அனைவரும் அவரைப் பாராட்டினோம்; நானுந்தான். அன்று ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அது அறியாமையால் செய்த செயல் என்பதைப் பின்னாளில்தான் உணர்ந்தேன். இடைவிட்டு இடைவிட்டு வரும் ஒற்றைக் 'கீச்' ஒலி, "என் மின்கலம் ஓய்கிறது, வேறு தாருங்கள்" என்று கருவி விடுக்கும் வேண்டுகோள். உண்மையான ஆபத்தில் அது விடாமல் அலறும். பல கருவிகளில் புகைக்கு மும்மூன்றாகவும், கார்பன் மோனாக்சைடுக்கு நான்கு நான்காகவும் ஒலி வரும்.

இனி மின்கலங்களைப் பற்றிச் சற்று விரிவாகக் காண்போம். புகைக் கருவியில் பெரும்பாலும் 9 வோல்ட்டுச் சதுரக் கலமோ, டார்ச்சு விளக்கில் இடும் சிறு கலங்களோ இருக்கும். இவற்றை ஆண்டுக்கு ஒரு முறை, இன்னும் உயிர் இருப்பதாகத் தோன்றினாலும், மாற்றிவிட வேண்டும். நாள் மறந்துபோகும் என்பீர்கள். நம் ஊரில் வண்டிகளைக் கழுவி, சந்தனம் குங்குமம் இட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்கும் ஆயுத பூஜை நாள் ஒன்று இருக்கிறதே! புதிய கலத்தையும் அன்றே இட்டுவிடலாம். கருவியின் உறையில் எந்த இனக் கலம் என்று எழுதியிருக்கிறதோ அந்த இனத்தையே வாங்க வேண்டும். திரும்பத் திரும்ப மின்னேற்றும் கலம் சிக்கனம் என்று தோன்றும். ஆனால் அவ்வகையில் பல சும்மா இருந்தாலும் மெல்ல வலுவிழப்பவை. கருவி கேட்கும் மின்னழுத்தமும் அவற்றில் குறைவாகவே இருக்கக்கூடும். அடைத்து ஒட்டப்பட்ட லித்தியக் கலத்தோடு பத்தாண்டுக்கென்றே வரும் கருவிகளும் உண்டு. அவற்றில் கலத்தை மாற்ற முடியாது. காலம் முடிந்ததும் கருவியையே மாற்ற வேண்டும்.

சமையல் வாயுக் கருவியின் கதை வேறு. அதனுள் வெள்ளீய ஆக்ஸைடு எந்நேரமும் சூடாக இருக்க வேண்டும் என்றேன் அல்லவா? அதற்குச் சிறு கலம் கட்டாது. ஆகவே வண்டியின் 12 வோல்ட்டுப் பாட்டரியோடு அதை இணைத்திருப்பார்கள். அது ஓர் ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கை இழுக்கிறது என்று கொள்வோம். மிகச் சிறிய அளவுதான். ஆனால் இருபத்துநான்கு மணி நேரத்தில் 2.4 ஆம்பியர்-மணி செலவாகிறது. 100 ஆம்பியர்-மணிப் பாட்டரியில் பாதிக்குமேல் இறக்குவது அதன் ஆயுளுக்குக் கேடு. 50-ஐ 2.4-ஆல் வகுத்தால், இருபத்தொரு நாளில் அப்பாதி தீர்ந்துவிடும். குற்றாலச் சாரல் முடிந்து கொட்டகையில் விட்ட வண்டியை மீண்டும் பொங்கலுக்கு எடுக்கிறோம் என்றால், இடையில் நான்கு மாதம்! காவல் காத்தே பாட்டரி செத்திருக்கும். ஈயத் தகடுகளில் வெண்மையான சல்பேட்டு படிந்து, மின்னேற்றினாலும் தாங்காத நிலையை அது அடைந்திருக்கும்.

ஆகவே வண்டி வெறுமனே நிற்கும் காலத்தில் உருளையை மூடி வெளியே எடுத்துவிட்டு, பாட்டரியின் இணைப்பையும் துண்டித்துவிட வேண்டும். மாதம் ஒரு முறை மின்னேற்ற வேண்டும். மீண்டும் புறப்படும்போது இணைப்பைக் கொடுக்க மறந்துவிடலாகாது. இணைத்தவுடனே கருவி வேலை செய்யத் தொடங்காது. சூடேறச் சில நிமிடங்கள் ஆகும். ஒரு வோல்ட்டுமானி வாங்கி வைத்துக்கொண்டால் கல்லூரி மாணவரும் பாட்டரியின் நாடியைப் பிடிக்கலாம். ஓய்ந்திருக்கும்போது 12.7 வோல்ட்டு காட்டினால் நிறைவு, 12.2-ஐ ஒட்டிக் காட்டினால் பாதி. அதற்குக் கீழே போனால் நள்ளிரவில் கருவி காரணமின்றிக் கத்தக்கூடும். வாய் மூடிவிடவும் கூடும்.

ஒரு விந்தையையும் சொல்ல வேண்டும். அடுப்பு அணைந்திருக்கும், உருளை மூடியிருக்கும், ஜெனரேட்டரும் ஓடவில்லை. ஆயினும் கார்பன் மோனாக்சைடு மணி அடிக்கும். "பொய் மணி" என்று சினந்து கலத்தைப் பிடுங்கிவிடுவார்கள். ஆனால் இருக்கைக்கு அடியில் பாட்டரி, அளவுமீறி மின்னேறிக் கொதித்துக்கொண்டிருக்கக்கூடும். அப்போது அதிலிருந்து ஹைட்ரஜன் வெளிப்படும். அவ்வாயுவும் இக்கருவியின் வேதிக்கலத்தைத் தூண்டவல்லது. காற்றில் நூற்றுக்கு நான்கு பங்கானால் ஹைட்ரஜனும் வெடிக்கும். பெயரைத்தான் கருவி மாற்றிச் சொன்னது, ஆபத்து உண்மையே. பாட்டரிப் பெட்டிக்கு வெளிக்காற்று போய்வரும் வழி வேண்டும் என்பதும், நீர் குறைந்தால் காய்ச்சி வடித்த நீரையே ஊற்ற வேண்டும் என்பதும் இதனோடு சேர்ந்தவை.

நம் பொருநை நாட்டின் தட்பவெப்பமும் இக்கருவிகளைச் சோதிக்கிறது. குற்றாலச் சாரலின் ஈரம் நீர்த்துளியாகப் புகைக் கருவிக்குள் படிந்தால், அதைப் புகை என மயங்கி அது கூவும். திருச்செந்தூர்க் கடற்காற்றின் உப்பு, பாட்டரி முனைகளில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்து மின்னோட்டத்தைத் தடுக்கும். சாத்தான்குளத்துக்குத் தெற்கே தேரிக்காட்டின் செம்மணல் தூசி கருவியின் துளைகளை அடைக்கும். இவற்றுக்கெல்லாம் மருந்து எளிது. மென்மையான தூரிகையால் வெளிப்புறத் துளைகளைத் துடையுங்கள். பாட்டரி முனைகளைச் சமையற்சோடா கலந்த நீரால் கழுவி உலர்த்தி வாசலின் தடவுங்கள். சித்திரை வெயில்தான் கொடியது. பாளையங்கோட்டையில் நிழலிலேயே 40 டிகிரியை எட்டும் நாளில், வெட்டவெளியில் அடைத்து நிற்கும் வண்டியின் உட்புறம் அதனினும் மிகுதியாகக் காயும். அவ்வெப்பத்தில் மின்கலங்கள் விரைவில் ஓய்ந்து, சில கசிந்து கருவியையே அரித்துவிடும். வண்டிக்கு நிழல் தேடுவது கருவிக்கும் செய்யும் உபகாரம்.

யாத்திரை வண்டிகளில் கற்பூரமும் ஊதுவத்தியும் கொளுத்துவது வழக்கம். கருவி அலறும், யாரேனும் ஒருவர் கலத்தை எடுத்துவிடுவார், பூசை முடிந்தபின் திரும்ப வைப்பார் இல்லை. வெளியே இறங்கிக் கற்பூரம் காட்டினால் தெய்வம் குறை சொல்லாது. கொசுமருந்து, வாசனைத் தெளிப்பான், தோல் இருக்கைக்குப் பூசும் சிலிக்கோன் மெருகு ஆகியவற்றையும் கருவியின் அருகே தெளிக்கலாகாது. சிலிக்கோன் ஆவி வெள்ளீய ஆக்ஸைடின் மேல் படிந்தால் அதன் முகரும் ஆற்றலே போய்விடும்.

கருவியில் சோதனைப் பொத்தான் ஒன்று இருக்கும். அதை மாதத்துக்கு ஒரு முறையும், பயணம் புறப்படும் ஒவ்வொரு நாளும், பயணத்தில் வாரம் ஒரு முறையும் அழுத்திப் பாருங்கள். மணி அடித்தால் மின்கலமும் மணியும் நலம் என்று பொருள். முகரும் பகுதி நலமா என்பதை அப்பொத்தான் எப்போதும் சொல்லிவிடாது. அதற்குக் கருவியின் வயதைத்தான் பார்க்க வேண்டும். பின்புறத்தைத் திருப்பினால் செய்த நாள் பொறித்திருக்கும். புகைக் கருவிக்குப் பத்தாண்டு ஆயுள் என்பர். கார்பன் மோனாக்சைடுக் கருவிக்கும் சமையல் வாயுக் கருவிக்கும் ஐந்து முதல் பத்தாண்டுவரை, செய்தவர் குறித்தபடி. அவ்வயது கடந்தபின் 'கீச்' என்னும் ஒலி வந்தால் புதிய கலம் இட்டாலும் நிற்காது. வாடகை வண்டியில் ஏறும்போது இருக்கை மெத்தென்று இருக்கிறதா என்று பார்க்கும் நாம், ஸ்டூலில் ஏறி இந்தத் தேதியைப் பார்ப்பதும் கேட்பதும் பிழையாகாது.

மணி மெய்யாகவே அடித்தால்? சமையல் வாயு மணியானால் விளக்குப் பொத்தானைத் தொடாதீர்கள்; போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம், பொறி பறக்கும். எரியும் அடுப்பை அணைத்து, உருளையின் அடைப்பைத் திருகி மூடி, கதவைத் திறந்து, எல்லோரும் வெளியேறுங்கள். கார்பன் மோனாக்சைடு மணியானால் உறங்குவோரை முதலில் எழுப்பி வெளியே கொண்டுவாருங்கள். ஜெனரேட்டரைப் பிறகு நிறுத்தலாம். தலைவலியோ மயக்கமோ உடையவரை மருத்துவமனைக்குக் கொண்டு செல்லும்போது, "வண்டியில் மணி அடித்தது" என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவரும் பயணக் களைப்பு என்று எண்ணக்கூடும்.

பழைய கருவியை எறியும் விஷயம் ஒன்று மீதி. அயனி வகைப் புகைக் கருவியில் அமெரிசியம் என்னும் கதிரியக்கப் பொருள் மிக நுண்ணிய அளவில் இருக்கும். சும்மா மாட்டியிருக்கும்வரை அதனால் கேடில்லை. உடைத்துப் பிரித்துப் பார்க்கும் ஆர்வம்மட்டும் மாணவர்களுக்கு வேண்டாம். ஓய்ந்த ஈயப் பாட்டரியைக் கடைக்காரரே வாங்கிக்கொண்டு புதியதன் விலையில் கழித்துக்கொடுப்பார். சிறு கலங்களைத் தீயில் இடவேண்டாம். தாமிரபரணிப் படித்துறையிலும் போடவேண்டாம்.